ஆஸ்பத்திரிக் கட்டிலில் விளையாட்டு: கூட இருந்தவர்கள் எழுதுங்கள்

திருச்சி அம்மா:

என் மகனுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு அதிகமாக வருகிற ஏ.எல்.எல். வகை. சிகிச்சை இரண்டு மூன்று வருடம் போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். சாப்பாடு, சுத்தம், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு நாளும் அவன் என்ன விளையாடுவான் என்பது மட்டும் அந்த நோட்டில் இல்லை.

எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. போன். கையில் கொடுத்தால் கண் சிமிட்டாமல் இருப்பான், மருந்து ஏற்றக் கை நரம்பில் வென்ஃப்ளான் குழாய் போட வருகிறவர்களுக்கும் வேலை சுலபம். சார்ஜ் தீர்ந்தால் போச்சு. அதிலும் ஸ்டீராய்டு கொடுக்கிற வாரங்களில் பசியும் கோபமும் சேர்ந்துகொள்ளும். தட்டைத் தூக்கி எறிவான், கடிப்பான்.

ஒருநாள் நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவர் பனியன் துணியில் தைத்த பொம்மையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் போட்டார். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. "நீயே வரைஞ்சுக்கோ தம்பி" என்று ஒரு ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார். கண்ணாடி வரைந்தான், மீசை வரைந்தான். பேர் என்னடா என்றால் "டாக்டர் மாமா" என்றான். அப்புறம் அந்த டாக்டர் மாமா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஊசி கழற்றிய புது சிரிஞ்ச், பஞ்சு, பிளாஸ்டர் எல்லாம் சிஸ்டரே கொடுத்தார். கை, கால், நெற்றி என்று ஓர் இடம் பாக்கியில்லை.

பிள்ளை மனதில் இவ்வளவு வன்மமா என்று எனக்குப் பயமாகிவிட்டது. சிஸ்டர் சிரித்தார். "நாள் முழுக்க ஆளாளுக்கு அவனைக் குத்துறோம். அவன் ஒருத்தரையாவது குத்த வேண்டாமாம்மா?"

கொஞ்ச நாளில் குத்துவது குறைந்து பேச்சு ஆரம்பித்தது. "இப்ப சுருக்குன்னு இருக்கும். அழுதுக்கோ. கையை மட்டும் ஆட்டாத, சரியா?" அச்சு அசலாக அந்த சிஸ்டரின் குரல். அடுத்த தடவை ரத்தம் எடுக்க வந்தபோது இடது கையை நீட்டி, "நான் அழுவேன், ஆனா ஆட்ட மாட்டேன்" என்று அவனே அறிவித்தான். சொன்னபடி ஊரைக் கூட்டி அழுதான். கை ஆடவில்லை.

எங்களுக்குப் பெரிய கண்டம் எல்.பி.தான். முதுகுத்தண்டு வழியாக மருந்து செலுத்துவார்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலையைக் குனிந்து அசையாமல் கிடக்க வேண்டும். முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற இடங்கள் உண்டு. எங்களுக்கு லேசான தூக்க மருந்துதான். முதல் தடவை நாலு பேர் பிடித்து அமுக்கினார்கள். அதற்கப்புறம் தினமும் கட்டிலில் மரவட்டை ஆட்டம் ஆடினோம். நான் முதுகில் விரலை வைத்ததும் அவன் மரவட்டை மாதிரி சுருண்டுகொள்ள வேண்டும், பத்து எண்ணும்வரை பிரியக் கூடாது. பிறகு அவன் தொடுவான், நான் சுருள வேண்டும். எனக்கு மட்டும் இருபதுவரை எண்ணுவான், இழுத்து இழுத்து. பக்கத்துக் கட்டில் பாட்டியையும் விடவில்லை.

வலி குறைந்ததா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடிக்கிற கைகள் குறைந்தன. கடைசியில் என் கை மட்டும்தான் அவன் மேல் இருந்தது.

நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

வார்டு சிஸ்டர்:

அம்மா, அந்தப் பொம்மையை நானும் பல வார்டுகளில் தைத்திருக்கிறேன். என் பங்குக்கு எங்கள் பாய் கதை.

எங்கள் வார்டில் விளையாட்டு அறை என்று தனியாக எதுவும் இல்லை. ஜன்னலோரம் ஒரு கோரைப்பாய், அவ்வளவுதான். அதற்கு ஒரே ஒரு சட்டம். பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் ஊசிக்குத் தொடக் கூடாது. ரத்தம் எடுக்கக் கூடாது, மாத்திரைகூட அங்கே தரக் கூடாது. வேலை இருந்தால் "ஆட்டத்தை முடிச்சிட்டு வா" என்று சொல்லி, சிகிச்சை அறைக்குக் கூட்டிப்போய்த்தான் செய்ய வேண்டும். அவசரம் என்றால் வேறு கதை. புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர் இது தெரியாமல், ரத்தம் எடுக்கக் கையில் கட்டுகிற டூர்னிகேட் பட்டையோடு பாய் பக்கம் வந்துவிட்டார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் "பாய்! பாய்!" என்று போட்ட கூச்சலில் மனிதர் இரண்டடி பின்னால் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே விட்டார். ஒரு ஆட்டம் தாயம் ஆடிவிட்டுத்தான் ரத்தம் எடுத்தார்.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. விளையாடும் இடத்தில் வலி வரக் கூடாது என்பது குழந்தைகள் வார்டுகளில் உலகம் முழுக்கப் பேசுகிற விஷயம். பயிற்சி வகுப்பில் ஒரு பழைய ஆங்கிலப் படம் காட்டினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் வெளியிட்டது. இரண்டு வயதுப் பெண் குழந்தை, தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் லண்டன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அம்மா கூடத் தங்க அனுமதியில்லை, பார்த்துவிட்டுப் போகலாம். அந்தக் குழந்தை பெரிதாக அழவே இல்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்படிப்பட்ட விஷயங்கள் பெரிய விவாதமாகி, 1959இல் பிரிட்டனில் பிளாட் அறிக்கை வந்தது. அம்மா எப்போது வேண்டுமானாலும் வரலாம், சின்னப் பிள்ளைகளோடு தங்கலாம், வார்டில் விளையாட ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் எம்மா பிளாங்க் என்ற அம்மையார் 1955இலேயே இதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தார். நம்மூரில் அம்மாவை வெளியே போகச் சொன்னால் வார்டே நடக்காது, அந்த வகையில் நாம் தப்பித்தோம்! ஆனால் விளையாட ஏற்பாடு என்கிற பாதியை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையிடம்தான் நான் முதலில் பாயை எடுத்துக்கொண்டு போவேன்.

கோவை பிசியோ:

தீக்காயப் பிரிவில் இருக்கிறேன். தீபாவளிக்குத்தான் எங்களைப் பற்றிப் பேப்பரில் வரும். உண்மையில் சின்னப் பிள்ளைகள் வருடம் முழுக்க வருவது கொதிக்கிற தண்ணீர், ரசம், சாம்பார், டீ கொட்டித்தான்.

புண் ஆறிய பிறகுதான் என் வேலை சூடு பிடிக்கும். ஆறிய தோல் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே வரும். விரலை நீட்டி மடக்கி வைக்காவிட்டால் அப்படியே மடங்கி நின்றுவிடும். ஆறு வயதுப் பெண்ணிடம் "விரலை இருபது தடவை மடக்கும்மா" என்று சொல்லிப் பாருங்கள். என்னைப் பார்த்ததுமே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள்.

அவளுடைய ஆச்சி ஊரிலிருந்து பல்லாங்குழிக் கட்டையைக் கொண்டுவந்தார். பதினாலு குழி, புளியங்கொட்டை. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான், வெந்த கையால்தான் ஆட வேண்டும். பல்லாங்குழியில் கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? குழியிலிருந்து மொத்தமாக அள்ள வேண்டும். உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க வேண்டும். பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, குழிக்கு ஒன்று மட்டும் விழுகிற மாதிரி விட வேண்டும். நான் சொல்லித்தர நினைத்த அத்தனை பயிற்சியும் அதில் இருக்கிறது. முதலில் கொட்டைகள் கட்டில் பூராவும் சிதறும். ஆச்சி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, சிதறினால் அவர் முறை. அந்த ரோஷத்தில்தான் விரல் மடங்கியது. இரண்டு வயது, மூன்று வயதுக்காரர்கள் கையில் மட்டும் புளியங்கொட்டை கொடுத்துவிடாதீர்கள், வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கும். அவர்களுக்குச் சப்பாத்தி மாவு.

நெஞ்சு ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு மூன்று பந்து போட்ட ஸ்பைரோமீட்டர் கொடுப்பார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். பிள்ளைகள் எல்லாரும் ஊதுவார்கள், பந்து அசையாது, தூக்கி எறிவார்கள். நான் ஸ்ட்ராவும் காகித மீனும் தருவேன். ஸ்ட்ராவால் உறிஞ்சி மீனைப் பிடித்து ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மீன் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பந்து தானாக ஏறும். வெளியே ஊதுவதற்குச் சோப்புக் குமிழி.

டே கேர் அப்பா:

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்குப் பொம்மை கொடுக்க வார்டுக்கு வருகிறார்களே, அவர்களைப் பற்றி. பேர் வேண்டாம். புசுபுசுவென்று பெரிய கரடி பொம்மை, கேக், பேனர். என் மகளுக்கு அன்றைக்குத்தான் ரத்தத்தில் வெள்ளை அணு கவுண்ட் அடிமட்டத்தில். மாஸ்க்கை இறக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அவர்கள் லிஃப்டில் இறங்கியதும் சிஸ்டர் கரடிகளையெல்லாம் கவரில் கட்டி எங்களிடம் கொடுத்துவிட்டார். துவைத்து நன்றாகக் காயவைக்க முடியாத பொம்மையை எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது இருக்கட்டும். கையில் கொடுத்த கரடியை அரை மணி நேரத்தில் பிடுங்கினால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

கொடுக்க நினைக்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கழுவுகிற பிளாஸ்டிக் சாமான், கலர் பென்சில், புது வரைபுத்தகம் கொடுங்கள். இல்லையென்றால் வாராவாரம் வெறுங்கையோடு வந்து பரமபதத்தில் தோற்றுவிட்டுப் போங்கள்.

கோமாளி வேஷம் போட்டு வருகிறவர்களைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். என் மகள் அலறினாள்.

வார்டு சிஸ்டர்:

அலறினால் அவர்கள் உள்ளே வந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1986இல் நியூயார்க்கில் சர்க்கஸ் கோமாளி மைக்கேல் கிறிஸ்டென்சன் ஆஸ்பத்திரிக் கோமாளிகளை ஓர் அமைப்பாகத் தொடங்கிய பிறகு இது பல நாடுகளுக்குப் பரவியது. முறையாகப் பழகியவர்கள் வாசலில் நின்று "வரலாமா?" என்று பிள்ளையிடம் கேட்பார்கள். அம்மாவிடம் இல்லை, டாக்டரிடம் இல்லை. "வேண்டாம்" என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை சொல்கிற "வேண்டாம்" எத்தனை தடவை செல்லுபடியாகிறது, யோசித்துப் பாருங்கள். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், எதுவும் நடக்காது. விளையாட்டில் மட்டும்தான் நடக்கும். பாய்க்குச் சட்டம் போட்டதும் அதனால்தான்.

பழைய பேஷண்ட்:

நான் பேசுவது எண்பதுகளின் கதை. தொடை எலும்பு முறிந்து காலைத் தூக்கிக் கட்டி, முனையில் மணல் மூட்டை தொங்கவிட்டார்கள். வாரக்கணக்கில் மல்லாக்கப் படுக்கை. எனக்குப் பன்னிரண்டு வயது. பொம்மை கொடுத்தால் அவமானம், பெரியவர்கள் பேச்சிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வயதுப் பிள்ளைகளை வார்டில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் அண்ணன் எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்தார். பதினைந்து ஆடு, மூன்று புலி. ஆடு எல்லாம் காலி மாத்திரை அட்டையை வெட்டியது, புலிக்குக் கலர் சோடா மூடி. படுத்த வாக்கில் எனக்குக் கட்டம் தெரியாது. நான் வாயால் சொல்வேன், அவர் காயை நகர்த்துவார். ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகம் வந்து, மொத்தக் கட்டத்தையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளப் பழகினேன். சந்தேகம் சரிதான், ஏமாற்றினார்.

புது உறுப்பினர்:

அடுத்த மாதம் என் மகளுக்கு ஆபரேஷன். மூன்றரை வயது. அந்தப் பனியன் பொம்மை எங்கே கிடைக்கும் அக்கா?

திருச்சி அம்மா:

கடையில் தேட வேண்டாம்மா. அப்பாவின் பழைய வெள்ளை பனியனை நன்றாகத் துவைத்து, ஆள் உருவத்தில் இரட்டையாக வெட்டி, உள்ளே சுத்தமான துணித்துண்டு அடைத்துத் தையுங்கள். பட்டன், மணி எதுவும் வைக்காதீர்கள். முகத்தை அவளிடம் விட்டுவிடுங்கள். சிரிஞ்ச் மெடிக்கல் ஷாப்பில் புதிதாக வாங்கி, ஊசியை நீங்களே கழற்றி அவள் கைக்கு எட்டாமல் ஒதுக்கிவிடுங்கள். வார்டில் கிடக்கும் பழையதைத் தொடவே கூடாது. எந்த இடத்தில் ஆபரேஷன் என்று டாக்டரிடம் கேட்டு, அதே இடத்தில் பொம்மைக்கும் ஒரு கட்டுப் போடச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முதல் ராத்திரி ஆரம்பிக்காதீர்கள், ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் ஆடத் தொடங்கிவிடுங்கள். தியேட்டர் வாசல்வரை பொம்மையைக் கொண்டுபோக விடுவார்களா என்று மயக்க டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.