ஐப்பசியில் கிளம்ப வேண்டிய ஆறுமணிக் குருவி இன்னும் தோப்புலயே இருக்குது: என்ன பண்றது?

கேள்வி: கோக்கோ தோப்பு, ஆனைமலை

வணக்கமுங்க. தென்னைக்குள்ள ஊடுபயிரா கோக்கோ, ரெண்டரை ஏக்கர், சொட்டுநீர். வருசா வருசம் ஐப்பசி மழையில ஆறுமணிக் குருவி (இண்டியன் பிட்டா) ஒண்ணு ரெண்டு வரும், நாலஞ்சு நாள்ல போயிரும். இந்த வருசம் மார்கழி முடியப்போகுது, இன்னும் விடியாத இருட்டுல கூப்பிட்டுட்டுத்தான் இருக்குது. கூடவே மைனாவை விடக் கொஞ்சம் சின்னதா, ஆரஞ்சுத் தலையும் நீலச்சாம்பல் முதுகுமா ஒரு குருவி சருகைப் புரட்டிட்டுத் திரியுது. காலையில மூட்டம், நல்ல குளிருங்க. அடிபட்டு, போக முடியாம நிக்குதா? கம்பு, அரிசி ஏதாச்சும் போடலாமா? பொங்கலுக்கு முன்னால சருகைக் கூட்டி எரிச்சுரலாம்னு ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்.

பதில் 1: நாணல்

தீப்பெட்டியை முதல்ல உள்ள வைங்க. அந்தச் சருகுதான் அது தங்கறதுக்குக் காரணமே.

குருவிங்க வலசை போறதே குளிருக்குப் பயந்து இல்லீங்க, தீனி தீர்ந்து போறதால. இறகைப் புசுபுசுன்னு உப்பிக்கிட்டா நம்ம ஊரு மார்கழி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. அமெரிக்காவுல ராபின் பறவைங்க சில, உறைபனியிலயும் வடக்கேயே தங்கிரும். மண்ணு இறுகினா மண்புழுவை விட்டுட்டு மரத்துல இருக்கற பழத்துக்கு மாறிக்கும். உங்க தோப்புல மாறவேண்டிய அவசியம்கூட இல்ல. கோக்கோ இலை மக்கிக் கிடக்குது, கீழ சொட்டுநீர் ஈரம், மேல ரெண்டடுக்கு நிழல். மண்புழு, கரையான், வண்டுப்புழு எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருக்கறப்போ அது எதுக்குக் கிளம்பும்? ஆறுமணிக் குருவி மத்திய இந்தியாவுலயும் இமயமலை அடிவாரத்துலயும் தென்மேற்குப் பருவமழையில குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியா, இலங்கைன்னு வர்றது. முந்தின வருசங்கள்ல உங்க தோப்பு வழித்தங்கல், இந்த வருசம் அதுவே கடைசி ஊரு. அவ்வளவுதான்.

தானியம் போடாதீங்க, ரெண்டுமே தானியம் தின்னாது. மைனாவும் எலியும் வரும், எலிக்குப் பின்னால பூனை வரும். தரையில மேயற குருவிக்குப் பூனைதான் எமன்.

ஏதாவது வைக்கணும்னா தண்ணி. அகலமான மண் தட்டு, ஆழம் ரெண்டு மூணு செ.மீ. போதும், நடுவுல ஒரு கல். நிழல்ல தரையிலயே வைங்க, ஆனா புதர்ல இருந்து ரெண்டு மீட்டராவது தள்ளி. ஒட்டி வெச்சா பூனை பதுங்க வசதியாப் போயிரும். தினமும் கழுவி மாத்தணும்.

அடிபட்டதான்னு பாக்கறது சுலபம். ஒரு பக்க இறக்கை தொங்கும், பகல்ல கண்ணை மூடி உப்பிட்டு உக்காரும், கையெட்டற தூரம் போனாலும் நகராது. இது எதுவும் இல்லாம தத்தித் தத்தி மேஞ்சு, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிட்டு இருந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ஜன்னல் கண்ணாடியில மோதி விழுந்தா மட்டும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில இருட்டா, அமைதியா ஒரு மணிநேரம் வெச்சு, அதே இடத்துல திறந்து விடுங்க. வாயில தண்ணி ஊத்தக்கூடாது, மூச்சுக்குழல்ல இறங்கிரும். தெளியலைன்னா வனத்துறைக்குச் சொல்லிருங்க.

பதில் 2: மலையடிவாரம்

சருகு விசயத்துல ஒண்ணு சேர்க்கணும். கோக்கோவுல மகரந்தம் சேர்க்கறது பொடிக் கொசு மாதிரியான ஈ. அது முட்டை வைக்கறதே ஈரச் சருகுலயும் அழுகற காய் ஓட்டுலயும்தான். எரிச்சா குருவியும் போகும், பூவுல காய் பிடிக்கறதும் குறையும். அதுக்காக எல்லாத்தையும் அப்படியே விட்டுரக் கூடாதுங்க: கருப்பாகி அழுகின காயைப் பொறுக்கிக் குழியில போட்டு மூடுங்க, அந்தப் பூஞ்சணம் மழையில மண்ணுல இருந்து தெறிச்சு நல்ல காய்க்கும் ஏறும். நடக்கற பாதை மட்டும் கூட்டினாப் போதும்.

நீங்க ரெண்டாவதாச் சொன்ன ஆரஞ்சுத் தலைக் குருவி, செந்தலைப் பூங்குருவி. மூஞ்சியை நல்லாப் பாருங்க. தொண்டை வெள்ளையா, கண்ணுக்குக் கீழ ஒண்ணு, காதுப் பக்கம் ஒண்ணுன்னு செங்குத்தா ரெண்டு கருங்கோடு இருந்தா அது தென்னாட்டு இனம், நம்ம பக்கத்துலயே இருக்கறது. கோடே இல்லாம தலை முழுக்க ஒரே ஆரஞ்சுன்னா வடக்க இருந்து வந்த விருந்தாளி. முதுகு ஆணுக்கு நீலச்சாம்பல், பெண்ணுக்குப் பழுப்பு கலந்த மாதிரி இருக்கும்.

பாக்கறதுக்குத் தேடிட்டு நடக்காதீங்க. இப்ப பொழுது கிளம்ப ஆறே முக்கால் ஆகும். ஆறு மணிக்கு முன்னாலயே தென்னைமரத்துல சாஞ்சு, சருகு கனமா இருக்கற இடத்துல இருந்து பத்துப் பன்னெண்டு மீட்டர் தள்ளி உக்காந்துருங்க. மங்கின நிறத்துல சட்டை. 8×42 தொலைநோக்கி போதும். முதல்ல சத்தம்தான் காட்டிக் கொடுக்கும்: பூங்குருவி அலகால இலையை ஒரு பக்கமா வீசிட்டு, அசையாம நின்னு பாத்துட்டு, அடுத்த இலைக்குப் போகும். போன்ல குரலைப் போட்டு இழுக்கவே கூடாது. வேற குருவி எல்லைக்குள்ள வந்துருச்சுன்னு மேயறதை விட்டுட்டுத் தேடி அலையும்.

முதல்ல பாத்த தேதியை எல்லாரும் எழுதுவாங்க. கடைசியா பாத்த தேதிதான் கிடைக்காது. ஏப்ரல் முடியற வரைக்கும் வாரம் ஒருக்கா, காணோம்னாலும் எழுதி வைங்க. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருது, பதினஞ்சு நிமிசம் எண்ணி, பாத்த பறவைகளைப் பதியற ஈபேர்டு (eBird) இணையதளத்துல ஏத்துனா போதும்.

கேள்வி கேட்டவர்: கோக்கோ தோப்பு, ஆனைமலை

ரொம்ப நன்றிங்க. எரிக்கறதை நிறுத்திட்டேன். பூங்குருவிக்குக் கோடு ரெண்டும் தெளிவா இருக்குதுங்க. அப்ப அது உள்ளூரா! இன்னொண்ணு: தென்னையில வெள்ளை ஈயைப் பிடிக்கப் பசை தடவின மஞ்சள் அட்டை கட்டப் போறோம். அதுனால இதுங்களுக்கு ஏதாச்சும் ஆகுமா?

பதில் 3: கீச்சான்

இந்த ரெண்டும் தரையில மேயறது, ஆறடி உயரத்துல கட்டற அட்டையில மாட்டறது குறைவு. மாட்டறது கதிர்குருவி, ஈப்பிடிப்பான் மாதிரி பூச்சி தின்னற சின்னக் குருவிங்கதான். அட்டையில ஒட்டின பூச்சியைக் கொத்தப் போயி இறக்கையோட ஒட்டிக்கும். கடையில விக்கற பசை அட்டையை விட, மஞ்சள் பாலித்தீன்ல விளக்கெண்ணெய் தடவிக் கட்டறது மேல், பிடிப்பு லேசுதான். பசை அட்டையே கட்டுனா ரெண்டு பக்கமும் அரை அங்குலக் கண்ணு கம்பிவலையை, அட்டையில படாம ரெண்டு விரல் தள்ளி மாட்டுங்க. ஈ நுழையும், குருவி நுழையாது.

ஒட்டிக்கிச்சுன்னா பிடிச்சு இழுக்காதீங்க, இறகு தோலோட வந்துரும். சுத்தி இருக்கற பசை மேல மைதா தூவி ஒட்டறதை முதல்ல நிறுத்துங்க, அப்புறம் ஒட்டின இடத்துல மட்டும் சமையல் எண்ணெயை விரல்ல தொட்டுத் தொட்டு விடுவிச்சுட்டு, கால்நடை மருத்துவர்கிட்டக் கொண்டு போங்க. எண்ணெய் பட்ட இறகோட அப்படியே பறக்க விட்டா ராத்திரிக் குளிர் தாங்காது.