சீமைக் கருவேல நெற்றில் ஓட்டை போடும் வண்டு எது?

எல்லோருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் மூன்று ஏக்கரில் பாதியைச் சீமைக் கருவேலம் பிடித்துவிட்டது. இரண்டு முறை ஜேசிபி வைத்துத் தூரைப் பிடுங்கினோம். ஒரு மழைக்கே மறுபடி முளைத்துவிட்டது.

போன வாரம் மரத்தடியில் கிடந்த நெற்றுகளைப் பார்த்தேன். பலவற்றில் ஊசி குத்தியது போல வட்டமான ஓட்டை. உடைத்தால் விதை வெறும் கூடு, ஒன்றில் மட்டும் சின்னப் பழுப்பு வண்டு. இது எது என்று யாராவது சொல்ல முடியுமா?

தென்னாப்பிரிக்காவில் இந்த மரம் பரவுவதைத் தடுக்க 1987-இல் இப்படி விதை தின்னும் வண்டை விட்டார்கள். ஆடுமாடு நெற்றை முந்தித் தின்றுவிடுவதால் பெரிய பலனில்லை. ஆஸ்திரேலியாவில் 1998-இல் விட்ட இலை தின்னும் அந்துப்பூச்சி பில்பரா பகுதியில் நன்றாகவே வேலை செய்கிறது. நம் பக்கத்துச் சப்பாத்திக்கள்ளியைக்கூட 1926-இல் இலங்கையிலிருந்து வந்த செதில்பூச்சிதானே அடக்கியது!

என் பயமெல்லாம் வன்னி மரம்தான். அதுவும் சீமைக் கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம்தான். இலை தின்னும் பூச்சியை இங்கே விட்டால் அதையும் மொட்டையடித்துவிடுமா? அப்புறம், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள்?

பூச்சியியல் படித்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள். வண்டைப் பாட்டிலில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்பலாம்?