டார்ஷன் பார்: சட்டமா, தண்டா, வில்லா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மோரிஸ் மைனர் காரின் முன்பக்கத்தைக் கழற்றிச் சீராக்கும் கையேட்டில் ‘டார்ஷன் பார்’ வரும் இடமெல்லாம் இப்போதைக்கு ‘முறுக்குச் சட்டம்’ என்று போட்டிருக்கிறது. சொற்பட்டியலை இறுதி செய்யுமுன் உங்கள் கருத்து தேவை.

இந்த வண்டியைப் பிரித்துப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். 1948இல் வெளிவந்த மைனரில் முன்சக்கரங்களுக்குச் சுருள்வில் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, வண்டியின் நீளவாக்கில் உருண்டையான எஃகுக் கம்பி ஒன்று போகிறது. அதுதான் டார்ஷன் பார். அதன் முன்முனை லோயர் ஆர்மின் (சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் கீழ்க்கை) உள்மூட்டில் பல்வரியால் (ஒன்றோடொன்று பொருந்தும் பற்கள்) பூட்டியிருக்கும். பின்முனை, முன் இருக்கைகளுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் ஒரு நெம்புகோல் வழியாகத் திரும்பாமல் பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் ஆர்ம் உயரும், கம்பி முறுக்கிக்கொள்ளும். மேடு கடந்ததும் அந்த முறுக்கே சக்கரத்தைக் கீழே தள்ளும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த நம் அம்பாசிடரிலும் முன்பக்கம் டார்ஷன் பார்தான். எனவே இந்தச் சொல் ஒரு வண்டியோடு நிற்கப்போவதில்லை.

———

> இப்போதைக்கு ‘முறுக்குச் சட்டம்’

ஐயா, ‘சட்டம்’ வேண்டவே வேண்டாம். அதே கையேட்டில் சேசிஸுக்கு அடிச்சட்டம், கிராஸ் மெம்பருக்குக் குறுக்குச் சட்டம் என்று வைத்திருக்கிறீர்கள். மூன்றும் ஒரே பக்கத்தில் வரும்போது, இதுவும் சேசிஸின் ஓர் உறுப்பு என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். சேசிஸ் உறுப்பு துருப்பிடித்தால் என்ன செய்வோம்? வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்போம், கிரைண்டரால் தேய்த்துச் சமன் செய்வோம். இவற்றில் எதையும் டார்ஷன் பாருக்குச் செய்யக் கூடாது.

மைனரில் இது வெறும் கற்பனைப் பயமில்லை. அந்தக் குறுக்குச் சட்டத்தின் முனைகள் துருப்பிடிக்கப் பேர்போன இடம். அங்கே பற்றவைக்கும்போது பாரைக் கழற்றாமல் விட்டால் உருகிய உலோகப் பொறி அதன்மேல் தெறித்து விழும். ஒரு துளி போதும். அந்தப் புள்ளி நொடியில் சூடாகி நொடியில் குளிர்ந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

என் பரிந்துரை: முறுக்குத் தண்டு.

———

தண்டு என்றாலும் அதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. கையேட்டில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டியரிங் ஷாஃப்ட் எல்லாம் தண்டுதான். அவை சுழலும், விசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும். முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் அவற்றுக்கு அழகு. டார்ஷன் பாரோ முறுக்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. அதன் ஒரு முனை திரும்பவே திரும்பாது. செய்யும் வேலையை வைத்துப் பார்த்தால் அது ஸ்பிரிங். பெயரும் அதைச் சொல்ல வேண்டும்.

இலங்கைப் பாடநூல்களில் ஸ்பிரிங் என்றால் வில். ஸ்பிரிங் தராசை விற்றராசு என்றுதான் படிக்கிறோம். தமிழ்நாட்டிலும் பட்டைகள் வைத்த மாட்டுவண்டி வில்வண்டிதானே? ஆகவே ‘முறுக்குவில்’ என்று முன்மொழிகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்பக்கத்தில் இருப்பது உருண்டைக் கம்பி. பழைய பீட்டில்களின் முன்பக்கத்திலோ, இரண்டு குறுக்குக் குழாய்களுக்குள் தட்டையான எஃகுப் பட்டைகளைக் கட்டாக அடுக்கி, அந்தக் கட்டையே முறுக்குகிறார்கள். அதைத் தண்டு என்று எப்படிச் சொல்வது? வடிவத்தைப் பெயரில் வைத்தால் அடுத்த வண்டியிலேயே இடறும்.

———

> முறுக்குவில்

வில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே தடை: துணி மாட்டும் கிளிப்பில் இருக்கும் சுருளான ஸ்பிரிங்கும் முறுக்கத்தால்தான் வேலை செய்கிறது. அதையும் முறுக்குவில் என்றால் கடையில் எதைக் கேட்பது?

இனத்துக்கு முறுக்குவில் என்று வைத்துக்கொண்டு வகையைப் பின்னால் சேர்க்கலாம்: முறுக்குவில் தண்டு, முறுக்குவில் பட்டைக்கட்டு, முறுக்குவில் சுருள். ஒரு கட்டுரையில் முதல்முறை முழுப்பெயர், பிறகு முறுக்குவில் மட்டும். லீஃப் ஸ்பிரிங்குக்குக் ‘கமான் பட்டை’ என்று லாரிப் பட்டறையில் புழங்குவதை அப்படியே விட்டுவிடுவோம். புழக்கத்தில் இருக்கும் நல்ல சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிது செய்ய வேண்டியதில்லை.

வில் என்று பெயர் வைத்தால் கையேட்டில் பல எச்சரிக்கைகள் தாமாகவே புரியும். முறுக்கும்போது தகைவு (ஸ்ட்ரெஸ்) மையத்தில் சுழி, மேற்பரப்பில் உச்சம். அதனால்தான் ஒரு கீறல்கூட ஆபத்து. பைப் ரெஞ்சால் கவ்வினால் விழும் பல்தடமும், இடம் வலம் தெரிய சென்டர் பஞ்சால் அடிக்கும் புள்ளியும் பின்னாளில் முறிவாகும். அடையாளத்துக்குப் பெயின்ட் போதும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. துரு அரித்தோ கிரைண்டரால் தேய்த்தோ விட்டம் 5% குறைந்தால் விறைப்பு சுமார் 19% போய்விடும். அந்தப் பக்கம் வண்டி சாயும். குழி விழுந்த வில்லை மாற்றத்தான் வேண்டும். மேலோட்டமான துருவென்றால் மண்ணெண்ணெயும் கைப் பிரஷும் போதும். அமிலத்தில் ஊறவைப்பது கூடாது. அந்த உயர்வலு எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

இடதையும் வலதையும் மாற்றிப் போடக் கூடாது என்பதும் இதில்தான் அடக்கம். இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் முறுக்கப்படுகின்றன. ஒரு திசையில் உழைத்துப் படிந்த வில்லை மறுபக்கம் மாட்டினால் உயரமும் நிற்காது, ஆயுளும் குறையும்.

———

அப்படியானால் கழற்றும் படிகளில் சொல்லைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஓட்டமாக வந்தால் சரி.

“வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, அடிச்சட்டத்தின் உறுதியான இடத்தில் ஸ்டாண்ட் கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சக்கரத்தைக் கழற்றியபின் லோயர் ஆர்முக்குக் கீழே இன்னொரு ஜாக்கியை வைத்து, ஷாக் அப்சார்பரின் கை தன் ரப்பர் தடுப்பைவிட்டு விலகும்வரை உயர்த்தவும். சக்கரம் தொங்கும்போதும் முறுக்குவில்லில் முறுக்கு மிச்சமிருக்கும். அந்தக் கைதான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மேல் ட்ரன்னியனை (கிங் பின்னை அந்தக் கையோடு இணைக்கும் உறுப்பு) அந்தக் கையிலிருந்து பிரித்துவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடாமல் கட்டி வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கவும். ஆர்ம் பாயும் வழியில் முகமோ கையோ இருக்கக் கூடாது. முறுக்கு முழுதும் அவிழ்ந்த பிறகே பின் நெம்புகோலின் போல்ட்டைத் தொட வேண்டும். இரு முனைகளிலும் பல்வரி எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு வில்லை உருவவும்.”

எனக்குத் தடங்கலாக இல்லை. “முறுக்குவில்லில் முறுக்கு மிச்சமிருக்கும்” என்ற வரி தானாக வந்து விழுந்தது. முறுக்குச் சட்டம் என்று எழுதியபோது அந்த இடத்தில் தனியாக ஓர் அடிக்குறிப்பு தேவைப்பட்டது.

திரும்ப மாட்டும் பகுதியில் ‘பல் தள்ளுதல்’ என்ற தொடரையும் சேர்க்க நினைக்கிறேன். பீட்டிலின் பின் வில்லில் உள்முனைக்கு 40 பல், வெளிமுனைக்கு 44 பல். உள்ளே ஒரு பல் தள்ளினால் 9 பாகை, வெளியே ஒரு பல் தள்ளினால் ஏறக்குறைய 8.2 பாகை. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் தள்ளினால் 0.8 பாகை அளவுக்கு நுணுக்கமாக உயரத்தை அமைக்கலாம்.

———

பல் தள்ளுதல் நன்று. மாட்டும் பகுதியில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள் ஐயா: ரப்பர் புஷ் (மூட்டுக்குள் செருகும் ரப்பர் வளையம்) உள்ள நட்டுகளை ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி இறுக்கம். தொங்கலில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். உயர அளவும் பொய்யாக வரும்.

———

சேர்த்தாயிற்று. பட்டியலில் போகும் பதிவு:

முறுக்குவில் (பெயர்): முறுக்கப்படுவதால் ஆற்றலைத் தேக்கி, முறுக்கு அவிழ்கையில் திருப்பித் தரும் வில். வகை: தண்டு, பட்டைக்கட்டு, சுருள். பட்டறை வழக்கு: டார்ஷன் பார். பற்றவைத்தல், கிரைண்டரால் தேய்த்தல், அமிலத்தில் ஊறவைத்தல், பக்கம் மாற்றி மாட்டுதல் ஆகாது.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். ட்ரன்னியனுக்குத் தனி மடல் தொடங்குகிறேன். முன்சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னின் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும் உறுப்பு அது. கிரீஸ் காய்ந்து மரை தேய்ந்தால் சக்கரமே மடிந்து விழும். ‘தாங்கி’ என்று மட்டும் சொன்னால் பேரிங்கோடு குழம்பும். மரை என்பது பெயரில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.