பதில்: பவர் ஸ்டேரிங் – ‘விசைத்துணை’ சரிவருமா?

அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். ஸ்டேரிங்கைத் திருப்பும் கைக்கு உதவுகிற பவர் ஸ்டேரிங்கைத் தமிழில் ‘விசைத்துணை’ எனலாமா என்ற பேச்சில் நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> ‘ஆற்றல் திசைமாற்றி’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் களக்காட்டுத் தம்பி எழுதுவது பழைய பிக்கப்பில் பவர் ஸ்டேரிங் ஏற்றும் வேலைக்கு ஒரு கையேடு. இந்தச் சொல்லை வைத்துத் தலைப்பு எழுதினால் ‘ஆற்றல் திசைமாற்றி மாற்றம்’ என்று வரும். எது மாறுகிறது, எது மாற்றுகிறது என்று பட்டறைப் பையன் தலையைச் சொறிவான். இதையாவது சமாளித்துவிடலாம். ‘ஆற்றல்’தான் பெரிய இடைஞ்சல்.

நம் பாடநூல்களில் ஆற்றல் என்றால் எனர்ஜி, பவருக்குத் திறன். இலங்கையில் முன்னது சக்தி, பின்னது வலு. கணக்குப்படி ‘திறன் திசைமாற்றி’ அல்லது ‘வலுத் திசைமாற்றி’ என்று இருக்க வேண்டும். பெயரில் பவர் இருப்பதால் நாமும் பவருக்கு நிகர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஸ்டேரிங் பெட்டிக்குள் (கியர்பாக்ஸ்) நடப்பதைப் பார்த்தால் வேறு சொல் கிடைக்கும்.

ஸ்டேரிங் தண்டும் பெட்டிக்குள் இருக்கும் திருகுபுரியும் சேரும் இடத்தில் மெல்லிய முறுக்குத்தண்டு ஒன்று இருக்கிறது. வண்டி நிற்கும்போதோ மெதுவாக ஊரும்போதோ சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் திருப்பும்போது அந்தத் தண்டு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு வால்வைத் திறந்துவிட, பம்ப் அனுப்பும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து, கை தள்ளும் திசையிலேயே தானும் தள்ளும். கை நின்றால் முறுக்கு தளரும், வால்வு நடுநிலைக்கு வரும், தள்ளுவதும் நின்றுவிடும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது அதற்கு அநேகமாக வேலையே இல்லை. பெல்ட் அறுந்து பம்ப் நின்றாலும் வண்டி திரும்பும், தோள்பட்டை வலிக்கும், அவ்வளவுதான். ஆக, திருப்புவது கைதான். எண்ணெய் துணைக்கு நிற்கிறது.

அதனால்தான் ‘விசைத்துணை’ என்கிறேன். விசைப்படகு, விசைத்தறி என்று மக்கள் வாயில் பவருக்கு ‘விசை’ என்பது எப்போதோ பழகிவிட்டது. சங்கரன்கோவில் பக்கம் போய் விசைத்தறிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இயற்பியலில் விசை என்றால் ஃபோர்ஸ் என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே கூடுவதும் அதுதானே, பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் வெறுமனே ‘விசை ஸ்டேரிங்’ போதாது. கரண்ட் போனால் விசைத்தறி நின்றுவிடும், இது நிற்காது. ‘துணை’ என்ற பாதியை விடக்கூடாது.

இன்னொரு லாபமும் உண்டு. பிரேக் பூஸ்டர் காற்று வெற்றிடத்தால் இதே வேலையைத்தான் செய்கிறது. பூஸ்டர் போனால் மிதி கல்லாகிவிடும், அழுத்தி மிதித்தால் பிரேக் பிடிக்கும். அதையும் விசைத்துணை பிரேக் எனலாம்.

> ஹைட்ராலிக் என்பதற்கு ‘நீரியல்’ போடலாமா?

வேண்டாம் தம்பி. இங்கே அழுத்தித் தள்ளுவது எண்ணெய், நீர் இல்லை. ‘நீரியல் விசைத்துணை’ என்று எழுதினால், ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் கேனை எடுத்து ஊற்ற ஓர் ஆள் வருவான். எண்ணெய் விசைத்துணை, மின் விசைத்துணை என்று நேராகவே எழுதலாம்.

> ஸ்டேரிங்குக்குச் ‘சுக்கான்’?

படகைத் திருப்பும் கருவியின் பெயர், எனக்குப் பிடித்த சொல். இலங்கையில் காருக்கும் சொல்கிறார்கள். கடலோரத்து உவரி, இடிந்தகரைக்காரர்களுக்குப் புரியும். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுகிறவரிடம் சுக்கான் என்றால் சிரிப்பார். இந்தக் கையேட்டில் ஸ்டேரிங் அப்படியே இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

ஸ்டேரிங்குக்கு ‘ஒடிப்பான்’ எனலாமா என்று தம்பி கேட்டது நல்ல குறும்பு. தோப்புக்குள் பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது, ஸ்டேரிங்கை இன்னும் திருப்பச் சொல்லி “நல்லா ஒடிலே, இன்னும் ஒடி” என்றுதான் எல்லாரும் கத்துகிறார்கள். ஆனால் ‘ஒடிப்பான் பொருத்துதல்’ என்று படித்தால் ஏதோ முறிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்த வினையை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம்: சக்கரம் அதற்கு மேல் திரும்பாத நிலைக்கு ‘முழு ஒடிப்பு’. கையேட்டில் இது அடிக்கடி வரும். ‘முழு ஒடிப்பில் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டே நிற்காதே’ என்று எழுதித்தான் ஆக வேண்டும், பம்ப்பில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் எண்ணெய் சூடேறும்.

கன்வர்ஷனுக்கு ‘மாற்றம்’ வேண்டாம், ‘ஏற்றம்’ போதும். ‘விசைத்துணை ஏற்றம்’. பட்டறையிலும் பவர் ஏத்தியாச்சா என்றுதானே கேட்கிறார்கள்.

சொல்லை விட்டுவிட்டுக் கையேட்டைப் பற்றியும் ஒன்று. தம்பி பம்ப்புக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறான், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு நாலு வரி. பழைய பெட்டி இருந்த இடத்தில் புதிய பெட்டியைப் பூட்டினால், கையோடு எண்ணெயும் சேர்ந்து தள்ளுகிற பாரம் அந்தச் சட்டத்தில்தான் விழும். உள்ளே தகடு வைத்து வலுப்படுத்தாவிட்டால் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் வரும். பெட்டியிலிருந்து வெளியே நீளும் கையான டிராப் ஆர்மின் நீளமும், அதிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்கின் சாய்வும் பழையபடி அமைய வேண்டும். இல்லையென்றால் முன் ஸ்பிரிங் பட்டை ஏறி இறங்கும்போதெல்லாம் யாரும் தொடாமலே ஸ்டேரிங் திரும்பும். இதற்கு ஆங்கிலத்தில் பம்ப் ஸ்டியர் (bump steer) என்பார்கள், இந்த பம்ப் சாலை மேடு. தமிழில் அப்படியே எழுதினால் எண்ணெய் பம்ப்போடு குழம்பிப்போகும், ஆகவே இதற்குக் கட்டாயம் சொல் வேண்டும். ‘குழித்திருப்பம்’ என்று போட்டுப் பார்த்தேன், எனக்கே திருப்தியில்லை. நம் சாலைகளில் அனுபவம் குறைவில்லை, யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து