கிரெய்ட்: அந்த உப்புக் கிரகத்தை நேரில் பார்த்த அனுபவம்

ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களில் வரும் கிரகங்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் டாட்டூயின், இல்லாவிட்டால் ஹோத் என்பார்கள். என் ஓட்டு கிரெய்ட்டுக்குத்தான். 2017-ல் வந்த 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் வரும் சின்னக் கிரகம். கைவிடப்பட்ட ஒரு பழைய தளம், அதன் முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைவெளி. பார்த்தவுடன் பனி என்றே நினைப்போம். பதுங்குகுழியில் நிற்கும் ஒரு வீரர் தரையைத் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு என்பார்.

அந்த உப்புக்கு அடியில் ரத்தச் சிவப்பு மண். தரையை ஒட்டிப் பறக்கும் ஓட்டை உடைசல் வண்டிகளான ஸ்கீ ஸ்பீடர்கள் ஒற்றைச் சறுக்குக் கட்டையை ஊன்றியபடி பறக்க, பின்னாலேயே சிவப்புப் புழுதி கிளம்பும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் காலடித் தடம். (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.) நாயகன் லூக்கும் வில்லன் கைலோ ரென்னும் மோதும்போது கைலோ கால் வைத்த இடமெல்லாம் சிவக்கிறது, லூக்கின் காலடியில் உப்பு கலையவே இல்லை. அவர் உடம்போடு அங்கே வரவில்லை என்பதை, யாரும் வாய் திறப்பதற்கு முன்பே தரை சொல்லிவிடுகிறது. மறுபடி பார்த்தபோது இதைக் கவனித்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதையை இப்படித் தாங்கிப்பிடிக்கும் கிரகம் அந்தப் படங்களில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளைவெளியைப் படம்பிடித்தது பொலிவியாவில், சலார் டி உயுனியில். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த, உலகின் மிகப் பெரிய உப்புப் படுகை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். தம்பியும் நானும் உயுனி ஊரிலிருந்து ஜீப்பில் கிளம்பினோம். கொல்சானி கிராமத்தைத் தாண்டியதும் வண்டி உப்பின் மேல் ஏறிவிட்டது. அப்புறம் சாலை என்று எதுவும் இல்லை.

இறங்கியவுடன் தம்பி செய்த முதல் வேலை, ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்ததுதான். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அறுகோணம் அறுகோணமாகக் கட்டங்கள், விளிம்பு மட்டும் விரல் தடிமனுக்கு எழும்பி, காலின் கீழே நறநறவென்றது. "அக்கா, திரும்பிப் பாரு, நம்ம தடமே விழல!" என்றான் தம்பி. உண்மைதான். காய்ந்த உப்பு அவ்வளவு கெட்டி.

சிவப்பு மண் நிஜத்தில் கிடையாது. உப்பு ஓட்டுக்கு அடியில் சேறும் உப்புநீரும்தான் இருக்கின்றன. இப்போது உலகமே பேசும் லித்தியம் அந்த உப்புநீரில்தான் கரைந்திருக்கிறது. ஓட்டுநர் ஓரிடத்தில் நிறுத்தி, உப்பைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் கொப்பளிக்கும் குழிகளைக் காட்டினார். கொதிக்கிறது என்றே நினைப்போம், கை விட்டால் சில்லென்று இருக்கிறது. ஒரு குழியின் ஓரம் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. கிரெய்ட்டின் சிவப்புக்கு நான் பார்த்த ஒரே சாட்சி அதுதான்.

அப்புறம் படத்தில் கிரெய்ட்டில் வாழும் அந்த ஸ்படிக நரிகள், வல்ப்டெக்ஸ். அவற்றின் ரோமம் எப்படி ஆடும் என்று பார்க்க, ஒரு நிஜ நாய்க்கு ஒளி ஊடுருவும் ஸ்ட்ராக்கள் தைத்த உடுப்பைப் போட்டு ஓடவிட்டுத்தான் படக்குழு சோதித்தது. நாங்கள் தெற்கே சிலோலி பாலைவனத்துக்குப் போனபோது, ஆண்டிஸ் நரி ஒன்று ஜீப் பக்கமாக வந்து நின்றது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு "வல்ப்டெக்ஸ்" என்றான். சாப்பிட எதுவும் போடக்கூடாது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டதால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: கிரெய்ட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மே முதல் அக்டோபருக்குள் போங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வெளி முழுக்கக் கண்ணாடியாகிவிடும். அதுவும் அழகுதான், ஆனால் கிரெய்ட் இல்லை. உயரம் உடம்புக்குப் பழக, முன்னதாகவே வந்து தங்குங்கள். கூலிங் கிளாஸ் கட்டாயம். சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் தடவுங்கள், அங்கே வெயில் கீழேயிருந்தும் அடிக்கும்.