மறு: மறு: ஹேப்லோகுரூப் – குலம் வேண்டாம், கால்வழி என்று வைப்போம்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். இழை நீண்டுகொண்டே போகிறது. கலைக்களஞ்சியத்துக்கு நான் எழுதும் சீனக் குடும்பப்பெயர்க் கட்டுரை ‘ஹேப்லோகுரூப்’ என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறது. ஒரே மூதாதையிடம் தோன்றிய டி.என்.ஏ. மாற்றத்தைச் சுமந்து வருபவர்களின் குழு என்பது அதன் பொருள். குலம், கோத்திரம், ஒருமடியக் குழு என்று வந்த பரிந்துரைகளுக்குப் பதில் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

முதலில் எழுத்துப்பெயர்ப்பு. கட்டுரையில் எடுத்துக்காட்டாக வரும், சீனத்து மூன்று நாடுகள் காலத்துத் தளபதியின் பெயரைச் ‘சாவ் சாவ்’ என்று எழுதினால் இழவு வீட்டு வாடை அடிக்கிறது. ‘சௌ சௌ’ என்றால் கூட்டு வைக்கும் காய் ஆகிவிடுகிறது. ஆகவே ‘ட்சாவ் ட்சாவ்’. மூல ஒலிக்கும் இதுதான் கிட்டத்தில் வருகிறது. இதில் இனி விவாதம் வேண்டாமே.

> முனைவர் ஐயா எழுதியது: “கோத்திரம் என்றே வைத்துவிடலாம். ஒரே பெயருக்குள் மணம் கூடாது என்ற விதி சீனர்களிடமும் உண்டு அல்லவா?”

உண்டு ஐயா. தாங் காலச் சட்டத்தொகுப்பில் ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள் மணந்தால் இருவருக்கும் 2 ஆண்டு கடூழியத் தண்டனை. ஆனால் அந்த விதி பெயரைப் பற்றியது. நாம் சொல் தேடுவது ஆய்வகத்தில் எச்சிலிலிருந்தும் பல்லிலிருந்தும் படித்தெடுக்கும் ஒன்றுக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையில் நான் சொல்ல வருவதே குழம்பிப்போகும்.

பெயர்ப் பக்கமே ஏற்கெனவே சிக்கல்தான். பழஞ்சீனத்தின் சோவ் அரசர்கள் காலத்தில் உயர்குடியினருக்கு இரண்டு அடுக்குப் பெயர் இருந்தது. மேலடுக்கு ‘ஷிங்’. அந்த எழுத்தின் இடப்பாதி பெண்ணைக் குறிப்பது, வலப்பாதி பிறப்பை. ஜி, ஜியாங், யிங் போன்ற பழைய ஷிங்கள் பலவற்றின் எழுத்துக்குள்ளும் அந்தப் பெண் உறுப்பு இருக்கிறது. கீழடுக்கு ‘ஷி’. ஒரு நாட்டையோ பதவியையோ பாட்டன் பெயரையோ வைத்துப் பிரிந்த கிளையின் பெயர் அது. ஆண்களை ஷியால் அழைத்தார்கள், பெண்களை ஷிங்கால் குறித்தார்கள். மணம் பேசும்போது பார்க்க வேண்டியது ஷிங் என்பதுதான் காரணம். கன்ஃபூசியஸுக்கு ஷிங் ‘ட்சி’, ஷி ‘கோங்’. பிறகு வந்த ஹான் பேரரசின் காலத்துக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வரலாற்றாசிரியர் சிமா சியேனே கன்ஃபூசியஸைப் பற்றி எழுதும்போது ‘ஷிங் கோங் ஷி’ என்று இரண்டையும் சேர்த்துக் குழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஷிங்குக்குக் ‘குடிப்பெயர்’, ஷிக்குக் ‘கிளைப்பெயர்’ என்று வைத்துக்கொள்கிறேன். இன்றைக்குப் புழங்கும் கலந்த வடிவத்துக்கு நாம் எல்லாரும் சொல்லும் குடும்பப்பெயரே போதும்.

இனி ட்சாவ் ட்சாவ். இவர் கதையைச் சொன்னால்தான் ஏன் குலம், கோத்திரம் எல்லாம் கூடாது என்கிறேன் என்பது விளங்கும்.

பிறந்தது கி.பி. 155, இறந்தது 220. ஊர் இன்றைய அன்ஹுய் மாகாணத்து போஜோ. அப்பா ட்சாவ் சோங். அந்த அப்பாவைத் தத்தெடுத்தவர் ட்சாவ் தெங், அரண்மனை அண்ணகர். பிள்ளை பெற முடியாத ஒருவர் தன் பெயரைத் தத்துப்பிள்ளைக்குத் தருகிறார். அந்தப் பிள்ளையின் மகன் வட சீனாவைப் பிடிக்கிறான், பேரன் அரியணை ஏறுகிறான். அப்படியென்றால் ட்சாவ் சோங்கைப் பெற்றவர் யார்? மூன்று நாடுகளின் வரலாற்றை எழுதிய சென் ஷோவ், அவருடைய பிறப்பின் அடிமுடியை யாராலும் அறிய முடியவில்லை என்று சொல்லி நகர்ந்துவிட்டார். எதிரி நாடான வூவில் எழுதப்பட்ட ஒரு நூலோ, அவர் ஷியாஹௌ குடும்பத்துப் பிள்ளை, தளபதி ஷியாஹௌ துன்னுக்குச் சித்தப்பா முறை என்றது.

முனைவர் ஐயாவுக்கு இது பிடிக்கும்: அந்த ஷியாஹௌ துன்னின் மகனுக்குத்தான் ட்சாவ் ட்சாவ் தன் மகளைக் கொடுத்தார். வூ நாட்டுக் கதை உண்மையானால் பங்காளி வீட்டில் பெண் கொடுத்ததாக ஆகும். ஆகவே கதை பொய் என்று ஒரு தரப்பு வெகுகாலமாக வாதாடி வந்தது. போரும் அரசியலும் நடக்கிற வீட்டில் மண விதியை அப்படியே நம்பலாமா என்று மறு தரப்பு கேட்டது. ஏடுகளை வைத்து இதை முடிக்க வழியில்லை.

மேலே போனால் இன்னும் கூத்து. ஹான் பேரரசைத் தோற்றுவித்த லியூ பாங்கின் தோழரும் முதலமைச்சருமான ட்சாவ் ஷென்னின் வழி இவர்கள் என்று வரலாறு எழுதுகிறது. ட்சாவ் ட்சாவின் மகனும் கவிஞருமான ட்சாவ் ஜி, சோவ் அரசரின் தம்பி ஆண்ட ட்சாவ் நாட்டுவழி என்கிறார். அது கி.மு. 487-இல் சோங் நாட்டிடம் விழுந்த சிறு நாடு. ட்சாவ் ட்சாவின் பேரன் பேரரசரானதும் நாங்கள் பழங்கதைப் பேரரசர் ஷுன்னின் வழித்தோன்றல்கள் என்று அரசவையில் முடிவானது. ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று தலைமுறையில் இத்தனை மூதாதையர்! அரியணை உயர உயர மூதாதையரும் உயர்ந்துகொண்டே போயிருக்கிறார்.

2012-இல் ஷாங்காய் ஃபூதான் பல்கலைக்கழகக் குழு ஒன்று வேறு கதவைத் தட்டியது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் பெரும்பாலும் கலப்பில்லாமல் அப்படியே இறங்குகிறது. எப்போதாவது அதன் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறும். மாறியது அதற்குப் பின் வரும் எல்லா ஆண்களிடமும் தங்கிவிடும். ட்சாவ் ட்சாவின் வழி என்று கொடிவழி ஏடு வைத்திருக்கும் ஊர்க்குடும்பங்களின் ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். மற்ற ட்சாவ் குடும்பங்களிடமும் ஷியாஹௌ குடும்பங்களிடமும் எடுத்தார்கள். ட்சாவ் ட்சாவின் வழி என்று சொல்லிக்கொண்ட, வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடந்த பல குடும்பங்களிடம் தற்செயலுக்கு ஒவ்வாத அளவில் ஒரே வகை ஒய் தென்பட்டது. பொதுமக்களிடம் அது அரிதான வகை.

அதோடு விட்டிருந்தால் ‘ஏதோ பொருந்துகிறது’ என்ற அளவில் நின்றிருக்கும். 2013-இல் வெளியிட்ட அடுத்த கட்டுரையில் போஜோவின் ட்சாவ் குடும்பக் கல்லறை ஒன்றில் கிடைத்த பல்லைச் சோதித்தார்கள். கல்லறைக்குரியவர் ட்சாவ் திங் என்று கருதப்படுகிறது. அண்ணகர் ட்சாவ் தெங்கின் உடன்பிறப்பு, அதாவது ட்சாவ் ட்சாவுக்குச் சின்னத்தாத்தா முறை. பல்லில் கிடைத்தது ஓ2-எஃப்1462 என்ற குறியீடு கொண்ட ஒய் வகை. இன்றைய குடும்பங்களிடம் கண்ட அதே வகை.

இதை மெதுவாகப் படித்துப் பாருங்கள். தத்தெடுத்தவரின் உடன்பிறப்புக்கும் தத்துப்பிள்ளையின் வழியினருக்கும் ஒரே ஒய். அப்படியானால் தத்து வெளியிலிருந்து வரவில்லை, பங்காளி வீட்டிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஷியாஹௌ கதை அடிபட்டுப்போகிறது. முதலமைச்சர் ட்சாவ் ஷென்னின் வழி என்று சொல்லும் குடும்பங்களின் ஒய்யோ வேறு. ஆக, பெருமைக்குச் சொன்ன மூதாதையரும் போய்விட்டார். ஒரே ஆய்வு வசையையும் துடைத்தது, பெருமையையும் துடைத்தது. கல்லறை அவருடையதுதானா என்ற இடத்தில் ஒரு கொக்கி இருக்கத்தான் செய்கிறது. கட்டுரையில் அதையும் எழுதியிருக்கிறேன்.

ட்சாவ் என்ற பெயருக்குள்ளேயே பல அப்பன்கள் இருக்கிறார்கள். மத்திய ஆசியாவின் சொக்தியர்கள், சீனர்கள் ‘ட்சாவ் நாடு’ என்று அழைத்த பகுதியிலிருந்து வந்து அதையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். இந்த எல்லாருக்கும் குலம் ஒன்று, கோத்திரம் ஒன்று என்றால் எப்படிப் பொருந்தும்?

> யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது: “நாங்கள் நிறமூர்த்தம் என்றுதான் படித்தோம். ஒருமடியம் என்ற சொல் பாடத்திலேயே இருக்கிறதே. ஒருமடியக் குழு என்றால் மூலத்துக்கும் நேராக வரும்.”

நேராகத்தான் வருகிறது அக்கா. அதுதான் எனக்குத் தயக்கம். மூலச் சொல்லே சரியாக விளக்கும் சொல் இல்லை. ஒருமடியம், அதாவது குரோமோசோம்கள் ஒரு தொகுதி மட்டும் இருக்கும் நிலை, என்றதும் மாணவருக்கு விந்தும் முட்டையும் நினைவுக்கு வரும். இங்கே சொல்ல வேண்டியது, ஒரே மூதாதையில் தோன்றிய ஒரு மாற்றத்தைச் சுமந்து வருபவர்கள் என்பதை. அந்தக் கருத்து ஒருமடியத்தில் எங்கேயும் இல்லை. நிறமூர்த்தத்துக்கு நான் எதிரி இல்லை. கட்டுரையில் முதல் இடத்தில் ‘குரோமோசோம் எனும் நிறமூர்த்தம்’ என்று போட்டுவிடுகிறேன், இரு கரைக்காரர்களுக்கும் விளங்கட்டும்.

என் பரிந்துரை ‘கால்வழி’. ‘அவர் கால்வழியில் வந்தவர்கள்’ என்று இப்போதும் சொல்கிறோம். அகராதியிலும் சந்ததி என்ற பொருளில் இருக்கிறது. சாதி வாடை இல்லை, ரிஷி இல்லை, குலதெய்வம் இல்லை. இறங்கி வருவது என்ற கருத்து மட்டும் இருக்கிறது. ஹேப்லோகுரூப் என்பதற்குக் ‘கால்வழிக் குழு’. அதற்குள் பிரியும் சிறு பிரிவுக்கு ‘உட்குழு’. கிளை என்று வைக்கலாம்தான், ஆனால் கிளைப்பெயரோடு மோதும். ஒய்க்கு ‘ஆண்கால்வழி’ என்று முதலில் ஒரு நண்பர் சொன்னார். ‘ஆண்கால்’ என்று பிரித்துப் படித்து வகுப்பே சிரிக்கும் என்று அக்கா சொன்னது சரிதான். ‘தந்தைக் கால்வழி’, தாயிடமிருந்து இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வுக்குத் ‘தாய்க் கால்வழி’ என்று வைப்போம். பெற்றவர் இருவரின் வழிக்கும் ஒரே அச்சில் சொல் கிடைத்துவிடுகிறது.

இந்தச் சொல் குடும்பப்பெயரைவிடப் பழைய காலத்துக்கும் பொருந்த வேண்டும், அதையும் பார்த்துவிட்டேன். இன்றைய சீன ஆண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் ஒய், புதிய கற்காலத்தில் வாழ்ந்த மூன்றே பெருந்தாத்தாக்களிடம் போய்ச் சேர்கிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்போது வாங், லீ என்ற குடும்பப்பெயர்களே இல்லை. இன்று வாங், லீ என்ற பெயர் கொண்டவர்கள் தனித்தனியே சுமார் 10 கோடி. அவர்களில் யாரோ இருவருக்குப் பெரிய கால்வழிக் குழு ஒன்றாக இருந்தால் அது உறவுக்குச் சான்று ஆகாது. குடும்பப்பெயர் தோன்றிய காலத்துக்கு இறங்கி வரும் உட்குழு பொருந்தினால்தான் பேச்சு.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பெயர் தொடர்கிறது, ஒய் மாறிவிடுகிறது. அல்லது ஒய் தொடர்கிறது, பெயர் மாறிவிடுகிறது. சீனத்தில் இது அடிக்கடி நடந்தது. 496-இல் வட வெய் பேரரசர் ஷியாவ்வென் தன் ஷியான்பெய் இன மக்களைச் சீனப் பெயருக்கு மாறச் சொன்னார். அவரே துவோபா என்ற பெயரை விட்டு யுவான் ஆனார். 869-இல் ஷாதுவோ துருக்கியத் தலைவர் ஒருவருக்குத் தாங் பேரரசர் தன் சொந்தப் பெயரான லீயையே பரிசாகக் கொடுத்தார். 923-இல் அவருடைய பேரன் அந்த லீ பெயரை வைத்துக்கொண்டே ‘பிற்காலத் தாங்’ அரசை நிறுவினான். இதற்குப் ‘பெயர்வழி முறிவு’ என்று வைத்தேன். கால்வழிக்கு எதிரில் பெயர்வழி. யாருக்காவது இதைவிடச் சுருக்கமாகத் தோன்றினால் சொல்லுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவரே இதற்கு எடுத்துக்காட்டு. இலங்கையின் காலி நகரில் 1911-இல் கிடைத்த, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அதைக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹ. பிறந்தபோது அவர் யுன்னான் முஸ்லிம் குடும்பத்து ‘மா’. ஜெங் என்பது யொங்லெ பேரரசர் கொடுத்த பெயர். அவரும் அண்ணகர்தான். அண்ணன் மகனைத் தத்தெடுத்தார் என்று குடும்ப ஏடு சொல்கிறது. ஆக, அவருடைய ஜெங் வழியினருக்குப் பெயர் பேரரசர் தந்தது, கால்வழி மா வீட்டுடையது. அவருடைய மூதாதையாகச் சொல்லப்படும், புகாராவிலிருந்து வந்து மங்கோலியப் பேரரசர் குப்லாயின் கீழ் யுன்னானை ஆண்ட சையித் அஜல் ஷம்சுதீனின் வழியினரிடம் எல்1ஏ-எம்76 என்ற கால்வழிக் குழுவைக் கண்டு, பாரசீக மூலம் என்ற மரபுச் செய்தியை அதே ஃபூதான் குழுவினர் ஆதரித்தார்கள்.

> சிங்கப்பூர்த் தம்பி கேட்டது: “எங்கள் மாடியிலேயே ஒரு டான், ஒரு சான், ஒரு சென் இருக்கிறார்கள். மூவரும் ஒரே எழுத்து என்கிறார்கள். கட்டுரையில் எப்படி எழுதுவது?”

ஒரே எழுத்துதான் தம்பி. ஹொக்கியென் பேசினால் டான், கன்டனீஸில் சான், மாண்டரினில் சென். வியட்நாமில் ச்சான். இன்றைய ஹெனான் மாகாணத்தில் இருந்த சென் நாட்டிலிருந்து வந்த கிளைப்பெயர் அது. தலைப்பில் சென் என்று வைத்து, டான், சான் இரண்டிலிருந்தும் வழிமாற்று கொடுத்துவிடுவோம். மேகசின் சாலையில் இருக்கும் டான் சி சோங் சுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டான் பெயரினருக்கான 19-ஆம் நூற்றாண்டு மூதாதையர் கோயில். அங்கே ஒருவரைச் சேர்ப்பது பெயர்தான், யாரும் எச்சில் மாதிரி கேட்பதில்லை. அத்தகைய அமைப்புக்குப் ‘பெயர்க்குடிச் சங்கம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘குலச் சங்கம்’ என்று அங்கே ஏற்கெனவே வழங்கினால் அதையே விட்டுவிடலாம். எது வழக்கு என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது குறியீடுகள். ‘ஓ2-எஃப்1462’ என்று தமிழில் எழுதுவதா, மூல எழுத்திலேயே விடுவதா? போதாக்குறைக்கு இந்த வகைப்பாட்டை ஆய்வாளர்கள் அவ்வப்போது மாற்றியமைக்கிறார்கள். அன்று ஓ2 என்றது இன்று ஓ1பி. அதனால் முன்பகுதியில் உள்ள எண்ணைத் தள்ளிவிட்டு ‘ஓ-எஃப்1462’ என்று மட்டும் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கட்டுரை எழுதுபவன்