தாய்லாந்து 'டாய்', கம்போடியா 'பான்': ரெண்டும் ஒரே மாதிரி ஆனது எப்படி?

பாங்காக்வாசி:
இங்க வந்து எட்டு மாசமாச்சு, தாய் பாஷை கத்துக்கிட்டிருக்கேன். 'டாய்'னா கிடைக்கிறது. ஆனா 'மை டாய் பை'ன்னா போகல, அதையே திருப்பி 'பை மை டாய்'ன்னா போக முடியாது. போன வாரம் மீட்டிங்குக்கு ஏன் போகலன்னு மேனேஜர் கேக்க, போக முடியலன்னு சொல்ல நினைச்சு வெறுமனே போகலன்னு சொல்லிட்டு நின்னேன், அவர் மூஞ்சிய பாக்கணுமே. பக்கத்து சீட்டு கம்போடியாக்காரர் எங்க 'பான்'உம் இப்படித்தாங்கிறார், 'பான் தௌ' போனேன், 'தௌ பான்' போக முடியும். ரெண்டும் வேற வேற மொழிக்குடும்பமாச்சே, எப்படி?

வெட்டிப்பேச்சு:
இதுல என்ன அதிசயம், நாம 'சாப்பிட்டுப் பாரு'ங்கிறோம், ஜப்பான்காரனும் 'தபெதே மிரு'ங்கிறான், மிருன்னாலும் பாருதான். எல்லாம் தமிழ்லேர்ந்து போனதுங்க 😄

சொல்லாய்வு:
ஆரம்பிச்சிட்டாரு. 'பார்' முயற்சி பண்ணுங்கிற அர்த்தத்துக்கு வர்றது சுலபமான ஒரே தாவல், யாரும் யாரையும் பாக்காமலே நடக்கும், கொரியன்லயும் இருக்கு. 'கிடை' அப்படி இல்ல சார். வினைக்கு முன்னாடி வந்தா நடந்தது, பின்னாடி வந்தா முடியும், இந்த ஜோடி அப்படியே தாய், லாவோ, கம்போடியாக்காரங்க பேசுற கெமர், மலைப்பக்கத்து மக்கள் பேசுற மோங்னு மூணு மொழிக்குடும்பத்துல பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கு. தெற்குச் சீனாவுல பேசுற காண்டனீஸ்லயும் பின்னாடி வர்ற 'தக்' முடியும்தான். அது தற்செயலா இருக்க வாய்ப்பு கம்மி. கெமர்காரங்க 'டாய்'ங்கிற சத்தத்த வாங்கல பாருங்க, 'பான்' அவங்க சொந்த வார்த்தை, ரெண்டு பாஷையும் பேசுற ஆளுங்க வாயில அதோட வேலை மட்டும் மாறிப்போச்சு. வியட்நாம்ல நேர் தலைகீழ், 'டுவொக்'ங்கிற வார்த்தையே சீனத்துலேர்ந்து வந்தது. என்ஃபீல்டுன்னு ஒரு ஆஸ்திரேலியர், லாவோஸ்ல வருஷக்கணக்கா வேலை பாத்தவர், இந்த ஒரே வினைய வச்சு 2003ல முழு புத்தகமே எழுதியிருக்கார்.

பாங்காக்வாசி:
சூப்பர்ங்க. ஆபீஸ்ல ஒரு ஹனோய் பொண்ணு இருக்கு, இப்பதான் கேட்டேன். 'டி கொங் டுவொக்'னா போக முடியாது, அது சரியா ஒத்துப்போகுது. ஆனா முன்னாடி போட்டு 'கொங் டுவொக் டி'ன்னா போகக்கூடாது, அனுமதி இல்லன்னு அர்த்தமாம், போகலன்னு வராதாம். நான் உளறின வரிசைய ஹனோய்ல உளறியிருந்தா பழி மேனேஜர் மேலயே போயிருக்கும் போல.